இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்றால் கத்துவார், ஸ்டியரிங்கைப் பிடுங்கித் திருப்புவார், நடுரோட்டில் வைத்து மானத்தை வாங்குவார் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நம்ம மாஸ்டர் அந்த ரகம் இல்லை. அவரிடம் கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுஷன், ஒரு வார்த்தை அதட்டிப் பேச மாட்டார்" என்பார்கள். அதட்ட வேண்டிய அவசியமே அவருக்கு வராது, அதுதான் விஷயம். பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவர் கால் எப்போதும் அதன் மேல்தான். கற்றுக்கொள்கிறவர் முன்னால் போகிற பஸ்ஸின் முதுகில் போய் முட்டப் பார்க்கிற நேரத்தில், இவர் சத்தமில்லாமல் ஓர் அழுத்து அழுத்துவார். வண்டி பதவிசாக நின்றுவிடும். ஓட்டியவருக்குத் தானே நிறுத்திவிட்டதாக ஒரே பெருமை. "பாத்தீங்களா, எவ்வளவு அழகா நிறுத்திட்டீங்க" என்று இவர் வேறு தட்டிக்கொடுப்பார். கூட வேலை பார்க்கிற மாஸ்டர்கள் அவருக்கு 'ரெண்டாவது பிரேக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை ஏதோ விருது மாதிரி வாங்கிக்கொண்டு சிரிக்கிற ஆள்.

வீட்டிலும் அதே கால்தான். வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னால் மனைவியிடம் மூச்சு விட மாட்டார். நாயாய் அலைந்து வேறு வீடு பார்த்து முடித்துவிட்டு, "காத்தோட்டமா ஒரு வீடு கண்ணுல பட்டுச்சு, போயிடலாமா?" என்பார். பள்ளிக்கூடத்தில் எவனோ தள்ளிவிட்டு மகளின் நெற்றி வீங்கி வந்தால், "ஓடி விளையாடினா, அவ்வளவுதான்" என்பார். "எம் புருஷனுக்குக் கவலைன்னா என்னன்னே தெரியாது" என்று அவள் தன் கடையில் சொல்லிச் சிரிப்பாள். இப்படி ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்துவது சுகம்தான், நடக்கிற வரைக்கும்.

அவள் முடி வெட்டுகிறவள். கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கடை, சுழல்கிற நாற்காலிகள், தலை கழுவுகிற தொட்டி. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் மேலும் சொல்லாமல் கை வைக்க மாட்டாள். "தண்ணி சூடா இருக்கா?", "இழுக்குதா?", "காதுகிட்ட வரேன், ஆடாதீங்க" என்று பேசிக்கொண்டே இருப்பாள். அவசரத்தில் வருகிறவர்கள் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வதும் உண்டு. இருந்தாலும் அடுத்த தடவையும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

இரண்டாவது குழந்தை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்து, வீட்டில் சந்தோஷம் அடங்குவதற்குள் அவள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இந்தத் தடவை நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். புதுசா பிரசவ இல்லம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்களே, அங்கதான்."

"ஏன், ஆஸ்பத்திரிக்கு என்ன?" என்றார் மாஸ்டர்.

"என்னவா? குழந்தை வெளியில வந்தப்புறமும் என்னை விடலயே! ஒருத்தி கட்டில் மேல முட்டி போட்டு ஏறி என் வயித்தைப் போட்டுப் பிசையறா, மாவு பிசையற மாதிரி. இன்னொருத்தர் உள்ள கைய விடறார். என்னம்மா பண்றீங்க, என்னய்யா பண்றீங்கன்னு கதறறேன், ஒரு ஜீவன் திரும்பிப் பாக்கல. நான் ஒருத்தர் காதோரம் முடிய ஒதுக்கறதுக்கே கேட்டுட்டுத்தான் கை வைக்கிறேன். எனக்கு அந்த மரியாதைகூட இல்லையா? அந்தப் பொம்பள முகத்தை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். கடங்காரி."

அந்தக் கட்டில் மேல் ஏறிய பெண் ஏன் ஏறினாள் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

அப்போது அவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். மகள் பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி என்று பின்னால் ஒரு நர்ஸ் சொன்னார். சுருங்க வைக்கத்தான் வயிற்றைப் பிசைந்தார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, பை பையாக ரத்தம் ஏற்றி, எப்படியோ நிறுத்தினார்கள். வெளியே வந்த டாக்டர், உறை கழற்றாத கையோடு மாஸ்டரிடம் சொன்னார்: "பொழச்சதே பெரிய விஷயம். இன்னொரு குழந்தை பெத்துக்கறதா இருந்தா ரத்தம் ரெடியா இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்கணும். மறந்துடாதீங்க." மனைவி கண் விழித்தபோது வெறும் உப்புநீர் பாட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அக்கா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லடி, அசதியில தூங்கிட்ட. சத்து ஏத்தறாங்க." வெளியே வந்ததும் அக்கா மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. பச்சை உடம்புக்காரி, பயந்துடுவா."

அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. உடம்பு தேறினதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். தேறினாள். சிரித்தாள், கடைக்குப் போனாள். நன்றாக இருக்கிறவளைக் கூப்பிட்டு வைத்து 'நீ சாகப் பார்த்தாய்' என்று எந்தப் புருஷன் சொல்வான்? ஒரு வருஷம் போனது, இன்னொரு வருஷம் போனது. பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது.

பிரசவ இல்லம் சந்தடி இல்லாத தெருவில் ஒரு பழைய வீடு. உள்ளே ஆஸ்பத்திரி வாடையே இல்லை. அகலமான தாழ்ந்த கட்டில், வெந்நீர்த் தொட்டி, வலி வரும்போது பிடித்துத் தொங்குவதற்கு உத்தரத்திலிருந்து கெட்டியான துணி. நடத்துகிறவர் முறையாகப் படித்த மருத்துவச்சி. குள்ளமான உருவம், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுப் பேசுகிறவர்.

"முதல்லயே சொல்லிடறேன். இங்க எல்லாரையும் சேத்துக்க மாட்டோம்" என்றார். "சிக்கல் வராதுன்னு தெரிஞ்சவங்க மட்டும்தான். திடீர்னு ஏதாவதுன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். அதனால கேக்கறதுக்கு ஒளிக்காம பதில் சொல்லுங்க."

சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"முதல் குழந்தை பொறந்தப்புறம் ரத்தப்போக்கு ரொம்ப இருந்துச்சா?"

"இல்லைங்க. எல்லாருக்கும் போற மாதிரிதான்."

மருத்துவச்சி மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க அங்க இருந்தீங்கல்ல? உங்ககிட்ட டாக்டர் ஏதாவது சொன்னாரா? பழைய சீட்டு ஏதாவது இருக்கா?"

"சீட்டெல்லாம் வீடு மாத்தினப்ப எங்கயோ போயிடுச்சுங்க" என்றார் மாஸ்டர். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலும் தொட்டியும் ஜன்னல் திரையும் பார்த்து அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போனது. பிரசவ இல்லத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் உள்ள ரோட்டை அவர் மனப்பாடம் பண்ண ஆரம்பித்தார். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களையெல்லாம் அந்த வழியாகவே ஓட்டச் சொன்னார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மாட்டிக்கொண்டார்கள். இன்னொரு நாள் மேம்பாலத்துக்குக் கீழே லாரி ஒன்று படுத்துவிட்டது. மழை பெய்த நாளில் சிக்னல் வேலை செய்யவில்லை, நாலு பக்கமும் வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறை. கற்றுக்கொள்கிறவர்கள் மிரண்டுபோய் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே தன் மனைவி ரத்தம் வடிந்து படுத்திருப்பதாகவும் வண்டி நகரவே மாட்டேன் என்பதாகவும் அவருக்குத் தோன்றும்.

வீட்டில் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஏசி இருக்கிறது என்றார். கார் நிறுத்த இடம் தாராளமாக இருக்கிறது என்றார்.

"பிரசவம் எனக்கா, காருக்கா?" என்றாள் அவள்.

"அதுக்கில்லம்மா. நாலு டாக்டர் இருக்கிற இடம்னா நமக்கு ஒரு தைரியம்தானே."

"எனக்கு அங்கதான் தைரியம் போச்சு. எத்தனை தடவை சொல்றது? உங்களுக்கு என்னதான் பயம்? காரணம் ஒண்ணு சொல்லுங்க, கேக்கறேன்."

அவள் கேட்டாளே! நேருக்கு நேராகக் கேட்டாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். இந்த மனுஷன் மென்று முழுங்கிவிட்டு, "சும்மா ஒரு இதுதான்" என்றார். இவரை என்ன செய்வது?

அக்காவுக்குப் போன் போட்டு முறையிட்டார். அக்காவும் பதறித்தான் போனாள். ஆனால் அவள் சொன்ன யோசனை பழைய யோசனையேதான். "வாயும் வயிறுமா இருக்கிறவகிட்ட இப்ப போய்ச் சொல்வாங்களா? பயத்துலயே ஏதாவது ஆகிடும். நைசாப் பேசி ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புங்க. வேற ஏதாவது சாக்கு சொல்லுங்க."

இந்த நேரம் பார்த்துத் தொழிலிலும் அவருக்கு ஒரு அடி விழுந்தது. அவரிடம் கற்றுக்கொண்டிருந்த பல் டாக்டர் அம்மா ஒருவர், பாடம் முடிவதற்கு முன்பே சொந்தமாகக் கார் வாங்கி, தன் வீட்டு மதில் சுவரிலேயே கொண்டுபோய் மோதிவிட்டார். நெற்றியில் பிளாஸ்திரியோடு நேராக ஸ்கூலுக்கு வந்தார். எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் காலை அமுக்கறதுக்கு முன்னாடியே உங்க வண்டி நிக்கும். நான்தான் நிறுத்தறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். என் கார்ல நிக்கல மாஸ்டர். ஏன்னு இப்பத்தான் புரியுது. இத்தனை நாளும் ஓட்டினது நீங்க!"

"நீங்க பயந்துடக் கூடாதுன்னுதாங்க..."

"பயப்பட வேண்டிய இடத்துல பயந்திருந்தா மதில் தப்பிச்சிருக்கும். நாளையிலேருந்து உங்க காலை மடக்கி சீட்டு மேல வச்சுக்குங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

மற்ற மாஸ்டர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் நிஜமாகவே சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி ஊரைச் சுற்றி வந்தார். ஆனால் அதிலிருந்து அவருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மத்தியானமே அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

மனைவிக்குத் தெரியாமல் தனியாக மருத்துவச்சியைப் பார்க்கப் போனார். நடந்ததையெல்லாம் கொட்டினார். மருத்துவச்சி கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"அன்னிக்கு உங்களைப் பாத்துத்தானே கேட்டேன்?"

"ஆமாங்க."

"நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னீங்க."

"கடைசியில நல்லபடியாத்தானேங்க முடிஞ்சுது."

மருத்துவச்சிக்குக் கோபத்தில் குரல் தாழ்ந்துவிட்டது. "இங்க ரத்தம் கிடையாது. ஊசி இருக்கு, மருந்து இருக்கு. அதுக்கும் நிக்கலைன்னா ஆம்புலன்ஸ்தான். ஒரு தடவை அப்படி ஆனவங்களுக்கு மறுபடியும் ஆகலாம். தெரிஞ்சிருந்தா வாசல்லயே சொல்லியிருப்பேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. உங்க பேச்சை நம்பி நான் இத்தனை மாசம் அவங்களைப் பாத்துக்கிட்டு இருக்கேன். என் கையில வச்சு அவங்களைச் சாகவிடப் பாத்தீங்களே!"

மாஸ்டருக்கு அவமானமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்பாடா, இவர் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஆசாமி உடனே பழையபடி பிரேக்குக்குக் காலை நீட்டினார். "அப்ப ஒரு உதவி பண்ணுங்க. அந்தத் தேதியில இடம் இல்லைன்னு சொல்லிடுங்களேன். அவளும் பயப்பட மாட்டா, காரியமும் நடந்துடும்."

மருத்துவச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வியாழக்கிழமை செக்கப்புக்கு வராங்க. அதுக்குள்ள நீங்க சொல்லணும். நீங்க சொல்லலைன்னா அன்னிக்கு நான் சொல்வேன், நீங்க இங்க வந்ததையும் சேர்த்து. உங்களுக்காகத்தான் அதுவரைக்கும் விட்டு வைக்கிறேன், போங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். மகள் வந்து வீட்டுப்பாடத்தை மடியில் போட்டாள். செவ்வாய்க்கிழமை, அவள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது தொண்டையைச் செருமினார். "என்னங்க?" என்றாள். "தண்ணி வேணும்" என்றார். பாவி மனுஷன்.

புதன்கிழமை மத்தியானம், பல் டாக்டர் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, மாஸ்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, போன் அடித்தது. நாள் இன்னும் இருந்தது. ஆனால் குழந்தை நாள் பார்த்தா வருகிறது?

"வலி எடுத்துடுச்சு. கடையிலதான் இருக்கேன். வாங்க."

பல் டாக்டர் அம்மா வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தானே இறங்கிக்கொண்டார். "நான் பஸ்ல போயிக்கறேன். ஓடுங்க!" மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார். பின் சீட்டு முழுக்கப் பயிற்சிக்கு வைக்கிற பிளாஸ்டிக் கூம்புகள் அடுக்கிக் கிடந்தன. அதையெல்லாம் இறக்க நேரமில்லை. அவள் முன்பக்கம், மாஸ்டர் வழக்கமாக உட்காருகிற சீட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொள்ளச் சொல்லி அக்காவுக்குப் போன் பண்ணினாள்.

வலி விட்டுவிட்டு வந்தது. வந்தபோது அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். விட்டபோது பேசினாள். "வெந்நீர்த் தொட்டி நிரப்ப நேரமாகுமாம், போன் பண்ணிச் சொல்லிடணும்" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் தாங்க முடியவில்லை.

மேம்பாலத்துக்குக் கீழே ரோடு பிரிகிறது. நேரே போனால் பிரசவ இல்லம். வலது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி. மாஸ்டர் ஒன்றும் பேசாமல் வலது பக்கம் விளக்கைப் போட்டார்.

"இந்தப் பக்கம் எதுக்கு?"

"அங்க ரோடு தோண்டிப் போட்டிருக்காங்க. சுத்திப் போறோம்."

அந்தக் கடைசி நேரத்திலும் ஒரு பொய்! வண்டி திரும்பியது. எதிரே ஆஸ்பத்திரியின் பெரிய போர்டு தெரிந்தது. அவள் ஒரு வினாடி அதைப் பார்த்தாள். அப்புறம் காலைத் தூக்கி, தனக்கு முன்னால் இருந்த பிரேக்கின் மேல் ஓங்கி ஒரே மிதியாக மிதித்தாள்.

வண்டி நடுச்சந்தியில் குலுங்கி அணைந்து நின்றது. கூம்புகள் சரிந்து விழுந்தன. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனை அமுக்கினார்கள். பக்கத்தில் வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, "கத்துக்கறதுக்கு வேற ரோடே கிடைக்கலயா உங்களுக்கு?" என்று கத்திவிட்டுப் போனார். மாஸ்டர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமியது, ஆனால் அவள் காலை எடுக்கவில்லை.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"காலை எடும்மா. நடுரோடு."

"சொல்லுங்க. சொல்லாம வண்டி நகராது."

அவர் சொன்னார். வேறு வழி இல்லாமல்தான் சொன்னார், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவில், முகத்தைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ரத்தம் நிற்காததை, பை பையாக ஏற்றியதை, டாக்டர் சொன்னதை, அக்கா தடுத்ததை. நடுவில் அவளுக்கு ஒரு வலி வந்தது. "நிறுத்தாதீங்க, சொல்லுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என் வயித்தைப் பிசைஞ்சாளே..."

"ரத்தத்தை நிறுத்தறதுக்குத்தான். அவங்க அப்படிப் பண்ணலைன்னா நீ இல்ல."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இத்தனை வருஷமா அந்தப் பொம்பளையத் திட்டிக்கிட்டு இருக்கேன். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டியிருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை... வயித்தைப் பிசைஞ்ச அந்தம்மாவும் அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களுக்கு எத்தனை நாள் இருந்துச்சு! தொட்டியப் பாத்து நான் பல்லை இளிச்சுக்கிட்டு நின்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

போனை எடுத்து மருத்துவச்சியைக் கூப்பிட்டாள். "எனக்கு வலி எடுத்துடுச்சு. இவர் இப்பத்தான் விஷயத்தைச் சொல்றார். உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா. நாளைக்கு நீங்க வரும்போது பேசலாம்னு இருந்தேன். நான் அன்னிக்கே உங்களைக் கூப்பிட்டிருக்கணும். தப்பு என்னுதும்தான். ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் அங்க வந்துடறேன்."

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அவள், போனை மடியில் போட்டுவிட்டு. "என் உடம்பைப் பத்தி எனக்கு மட்டும்தான் தெரியாது." பிறகு காலை எடுத்தாள். "ஆஸ்பத்திரிக்கு விடுங்க. நீங்க திருப்பினதுக்காக இல்ல. எனக்கு என் பொண்ணு வேணும், இதுவும் வேணும், அதனால."

ஆஸ்பத்திரியில் தள்ளு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டியூட்டியில் இருந்த பெண் டாக்டரிடம் அவளே பேசினாள். மாஸ்டர் பேச வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"முதல் பிரசவத்துல எனக்கு ரத்தம் நிக்கல. பை பையா ஏத்தியிருக்காங்க. இப்பவும் ரெடியா வச்சுக்குங்க. இன்னொண்ணு, என் மேல கை வைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க. என்னைப் பாத்துக் கத்தணும்னாலும் கத்துங்க, பரவாயில்ல. ஆனா சொல்லிக்கிட்டே கத்துங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "சொல்றேம்மா" என்றார். ரத்த வங்கிக்குப் போன் பறந்தது. மருத்துவச்சி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கூட ஒருவர் இருக்கலாம் என்றார்கள். மாஸ்டர் செருப்பைக் கழற்றினார்.

"நீங்க வேண்டாம்" என்றாள் மனைவி. "அவங்க வரட்டும்."

மருத்துவச்சி உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள் கிடந்தன. மாஸ்டர் ஒன்றிலும் உட்காரவில்லை. உள்ளே அவள் கத்துவது கேட்டது. பிறகு நெடுநேரம் கழித்து, ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது, குழந்தையின் அழுகை கேட்டது. கையைக் கூப்பிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அவர் மூச்சை முழுதாக விடுவதற்குள் கதவு படாரென்று திறந்தது. ஒருவர் வெளியே ஓடினார். வேறொருவர் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். இன்னொரு டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே போனார். கதவிடுக்கில் தரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

மாஸ்டர் ஒரு நர்ஸை மறித்துவிட்டார். "என்னாச்சுங்க? அவளுக்கு என்னாச்சு? நிக்கலையா?"

"நீங்க அவங்க வீட்டுக்காரரா?" நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. நீங்க பயந்துடுவீங்களாம்."

கதவு மறுபடியும் மூடிக்கொண்டது.

நல்லா வேணும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அப்போது அந்த முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் வாய் வந்திருக்காது. அக்கா மகளோடு வந்து சேர்ந்து, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று சொல்லும்போது அவருக்கு உதடு கோணி அழுகை வந்துவிட்டது. போகிறவர் வருகிறவர் முகங்களையெல்லாம் உற்றுப் பார்த்தார். ஒருவர் சிரித்தால் பிழைத்துவிட்டாள் என்று நினைத்தார். அடுத்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டு போனால் போய்விட்டாள் என்று நினைத்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் போதும், எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

விளக்குகளைப் போட்ட பிறகுதான் அவரைக் கூப்பிட்டார்கள்.

அவள் காகிதம் மாதிரி வெளுத்துப் படுத்திருந்தாள். கம்பியில் ரத்தப் பை தொங்கியது. பக்கத்துத் தொட்டிலில் மகன். மருத்துவச்சி ஓரமாக நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவர் சட்டைக் கை முழங்கை வரை கறை.

மாஸ்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல?"

"இல்ல" என்றாள் அவள். குரல் மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. "நல்லபடியா முடியல. உக்காருங்க, சொல்றேன்."

ஆரம்பத்திலிருந்து சொன்னாள். குழந்தை வந்ததும் கால்களுக்கு நடுவில் சூடாக வழிந்ததைச் சொன்னாள். இப்ப வயித்தை அழுத்தப் போறேன், உயிர் போற மாதிரி வலிக்கும் என்று டாக்டர் சொன்னதையும், அழுத்துங்க என்று தானே சொன்னதையும் சொன்னாள். தரையில் ரத்தம் சொட்டுகிற சத்தம் கேட்டதாம். விரல் நுனி சில்லிட்டுப் போனதாம். அக்கா பாத்துப்பா, பொண்ணுக்குத் தலை பின்னத்தான் அக்காவுக்குச் சரியா வராது என்று நினைத்தாளாம். சாகப் போகிறோம் என்று தெரிந்ததாம்.

மாஸ்டர் பாதி எழுந்துவிட்டார். "போதும்மா. இப்ப எதுக்கு அதெல்லாம்? கண்ணை மூடித் தூங்கு."

"உக்காருங்க. இன்னும் முடியல."

அவர் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார்.